முட்டை உடைக்கும் முன்

மேஜையில் மூன்று தட்டு வைப்பதா, நான்கு வைப்பதா? அன்று நன்றி சொல்லும் நாள், அதாவது தேங்க்ஸ்கிவிங் விருந்து. காலையிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் விவகாரம். ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. தட்டுகள் அலமாரியிலேயே இருந்தன.

முந்தின நாள் என் அக்கா மகள் ஜோனெட்டா சமையலறையில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தாள். "நாளைக்கு கிளீவனை இந்த மேஜையில உட்கார வெச்சா நான் ஊர்லயே இருக்கேன். இல்லேன்னா சாயங்கால பஸ்ல ரெண்டு பேரும் மெம்பிஸ் போயிடறோம். அப்புறம் உனக்குப் பொண்ணும் இல்ல, எனக்கு அம்மாவும் இல்ல!" சொல்லிவிட்டுப் பின்பக்கத்து வலைக்கதவை அறைந்தாள். அதன் ஸ்பிரிங் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அறைந்த வேகத்தில் பிய்ந்து கீழே விழுந்துவிட்டது.

அக்கா ஓசெல்லா அடுப்புப் பக்கம் திரும்பினாள். சோள ரொட்டியை இரும்புச் சட்டியிலிருந்து கவிழ்த்தாள். இரவெல்லாம் காயட்டும் என்று மேலே துணி போட்டு மூடினாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

கிளீவன் ஜோனெட்டாவின் புருஷன். அதற்கும் முன்னால், அரை டிராயர் போட்ட காலத்திலிருந்தே, அக்கா மகன் ருடெலின் சிநேகிதன். தாயில்லாத பையன். எங்கள் சமையலறையில் சாப்பிட்டுத்தான் ஆளானான். ஜோனெட்டாவும் அவனும் கூடவே வளர்ந்தவர்கள் என்பதால் இன்றைக்கும் புருஷனை அவன் இவன் என்றுதான் பேசுவாள்.

இந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ருடெலும் கிளீவனும் ஒரு தட்டு சாப்பாட்டோடு வண்டியில் கிளம்பினார்கள். ஆற்றுக் கரைமேட்டுக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடக்கிற பியூலாவுக்குக் கொடுப்பதற்காக. ஓட்டினவன் கிளீவன். மத்தியானம் பீர் குடித்திருந்தான். அதை மறைக்க நான் யார்? வளைவில் வண்டி கரைமேட்டிலிருந்து உருண்டு ஓடைக்குள் விழுந்தது. ருடெல் அங்கேயே போய்விட்டான். கிளீவன் கை முறிந்து பிழைத்தான். கோர்ட்டில் 'நான்தான் ஓட்டினேன், என் தப்புதான்' என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயிலுக்கு அனுப்பினார்கள். இந்தத் திங்கட்கிழமைதான் வெளியே விட்டார்கள்.

மகனை அடக்கம் செய்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள். "அவன் கால் என் வீட்டுப் படி ஏறக் கூடாது."

நான் வெர்டீன், ஓசெல்லாவின் தங்கை. புருஷன் போன பிறகு அக்கா வீட்டுப் பின்னறையில்தான் வாசம். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்வதில் அது ஒன்றுதான் நிஜம்.

*

நன்றி சொல்லும் நாளில் வான்கோழி கொஞ்சம் கருகினால்கூட எங்கள் பக்கம் மன்னித்துவிடுவார்கள். கூட வைக்கிற டிரெஸ்ஸிங், அதாவது சோள ரொட்டியை உதிர்த்துக் கோழிச் சாறில் கலந்து சுடுவது, அது சொதப்பினால் அடுத்த வருஷம்வரை சொல்லிக் காட்டுவார்கள். அதனால் எல்லார் கையிலும் அதை விடுவதில்லை. வீட்டில் யார் டிரெஸ்ஸிங் செய்கிறாளோ அவள் வைத்ததுதான் சட்டம். எங்கள் வீட்டில் அது அக்கா. நான் வெங்காயம் நறுக்கலாம், கோழி வேகிற தண்ணீரில் நுரை எடுக்கலாம். அதற்கு மேல் கிட்டே போனால் கை மேல் கரண்டியடி விழும்.

"பொடியா நறுக்குடி," என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் போடறாப்ல கட்டை கட்டையா போடாத."

"அந்தப் புள்ளைங்க தட்டை வழிச்சுத் திங்குதுங்க, தெரியுமா?"

"பசி. வேற என்ன?"

வேறு வருஷமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள் சோள ரொட்டியை உதிர்க்க ஆரம்பித்தாள். காய்ந்த ரொட்டி விரலுக்கடியில் மொறமொறவென்று உடைந்து பெரிய பாத்திரத்தில் விழுந்தது. அவள் கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேக்காத."

"கேட்டுட்டுத்தான் விடுவேன். அவ நெசமாவே போயிட்டா என்ன பண்ணுவ?"

"போகட்டும்."

"ஒண்ணை மண்ணுக்குக் கொடுத்தாச்சு. இன்னொண்ணை பஸ்ஸுக்குக் கொடுக்கப் போறியா?"

அவள் கை நின்றது. "வெர்டீன், வெங்காயத்தை நறுக்கு."

நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டேன்.

வெண்ணெயில் வெங்காயமும் செலரித் தண்டும் வதங்கி வாசனை எழும்பியபோது அக்கா அடுப்புக்குக் கீழே குனிந்து டிரேக்களை எடுத்தாள். பெரியது ஒன்று. அதன் பின்னாலேயே சின்னத் தகர டிரே ஒன்று.

அந்தச் சின்ன டிரே ருடெலுடையது. செலரி பல்லில் தட்டுப்பட்டால் தட்டையே தள்ளிவிடுவான், வெங்காயமும் ஆகாது. கூட உட்கார்ந்து தின்ற கிளீவனுக்கும் அதே வியாதி தொற்றிக்கொண்டது. அதனால் வருஷா வருஷம் இந்த இரண்டு தடியன்களுக்காக வெங்காயம், செலரி இல்லாமல் தனியாக ஒரு டிரே. அக்கா திட்டிக்கொண்டேதான் செய்வாள். "ராஜா வீட்டுப் புள்ளைங்க!" என்பாள்.

டிரேயைக் கையில் பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே நின்றாள்.

"அக்கா..."

"தெரியும்."

திரும்ப உள்ளே வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. உதிர்த்த ரொட்டியில் ஒரு பங்கைப் பிரித்து வேறொரு கிண்ணத்தில் போட்டாள். என் பக்கம் திரும்பாமலே, "கை அது பாட்டுக்கு எடுத்துடுச்சு. எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்," என்றாள்.

*

டிரெஸ்ஸிங்குக்கு உயிரே சேஜ் என்கிற வாசனை இலைதான். வேலியோரம் வளர்ந்த செடியிலிருந்து பறித்துக் காயவைத்ததை, அக்கா உள்ளங்கையில் கசக்கி ஒரு சாஸரில் கொட்டி வைப்பாள். கோழிச் சாறு ஊற்றி, கலவை கூழ் மாதிரி தளதளவென்று வந்ததும் சாஸரிலிருந்து பாதியை மட்டும் பாத்திரத்திலும் சின்னக் கிண்ணத்திலும் போடுவாள். ஏன் பாதி? அதற்கு ஒரு கதை உண்டு.

டிரெஸ்ஸிங்கை ருசி பார்க்க ஒரே ஒரு சமயம்தான் இருக்கிறது. முட்டை உடைத்து ஊற்றுவதற்கு முன்னால். முட்டை விழுந்த பிறகு பச்சைக் கலவையை யாரும் வாயில் வைக்க முடியாது. அடுப்பிலிருந்து வெந்து வரும்போது என்ன இருக்கிறதோ அதுதான். எங்கள் வீட்டில், அந்தச் சின்னக் கிண்ணத்திலிருந்து, ருசி பார்க்கிறவன் ருடெல். அக்கா கரண்டியோடு, "வாயைத் தொற," என்பாள். அவன் கண்ணை மூடி மென்று, பெரிய நீதிபதி மாதிரி யோசித்து, "சேஜ் பத்தலம்மா," என்பான். "உனக்கு என்னிக்குத்தான் பத்திச்சு!" என்று சொல்லிக்கொண்டே அவள் மீதிப் பாதியையும் கொட்டுவாள். அதற்குப் பிறகுதான் முட்டை.

ஒரு தடவை அவளைக் கேட்டேன். "மொத்தத்தையும் மொதல்லயே போட்டுட்டா என்னக்கா?"

"அப்ப அவன் எதைச் சொல்லுவான்?" என்றாள்.

இந்த வருஷம் அவள் பாதி சேஜைப் போட்டாள். கிளறினாள். சின்னக் கிண்ணத்திலிருந்து கரண்டியில் எடுத்தாள். கரண்டியோடு நின்றாள்.

"கொடு, நான் பாக்கறேன்," என்றேன்.

"உன் நாக்கு செத்து எத்தனையோ வருஷமாச்சு."

அந்த நேரத்தில்தான் பின்வாசலில் காலடிச் சத்தம். ஜோனெட்டா. கையில் பெட்டி. அதைக் கதவுக்கு உள்ளே சுவரோரம் வைத்தாள், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. ஸ்பிரிங் இல்லாத வலைக்கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளாமல் ஆடியது.

"கிளீவன் அவனோட மாமா வண்டியில வர்றான்," என்றாள். "சாப்பிடற நேரத்துக்கு வாசல்ல இருப்பான். நீ கூப்பிட்டா உள்ள வருவான். கூப்பிடலைன்னா நான் வெளிய போவேன். அவ்வளவுதான்."

அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. கரண்டியை மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ருடெல் இல்ல. நீ பாரு."

ஜோனெட்டா முகம் ஒரு கணம் உடைந்துவிட்டது. வாயைத் திறந்துவிடுடி, தங்கமே, என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த ஒரு வாய் வாங்கிக்கொண்டிருந்தால் அன்றைய நாளே வேறு மாதிரி போயிருக்கும்.

அவள் பிடிவாதம் யாருடையது? பெற்றவளுடையதுதானே. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"கிளீவனை உள்ள விடு. நான் வாயைத் தொறக்கறேன்."

"என் புள்ளையைக் கொன்னவனுக்கு நான் சோறு போடணுமா?"

"அவன் உனக்கும் புள்ளை மாதிரிதான் இருந்தான். நீயே சொல்லியிருக்க."

"இருந்தான்."

"அம்மா, அவன் தெனம் சாகறான். நைட்டு தூக்கத்துல ருடெல் பேரைச் சொல்லிக் கத்தறான். ஒரு தடவை அவன் முகத்தைப் பாரேன்."

"பார்த்தேனே. கோர்ட்டுல பார்த்தேன். உசுரோட நின்னுக்கிட்டிருந்தான்."

அக்கா கரண்டியில் இருந்ததைக் கிண்ணத்திலேயே திருப்பித் தட்டினாள். முட்டையை எடுத்து விளிம்பில் தட்டி உடைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. சின்னக் கிண்ணத்திலும் ஒன்று. எங்கள் வீட்டில் முதல்முறையாக, யாரும் ருசி பார்க்காமலே டிரெஸ்ஸிங் அடுப்புக்குள் போனது. எனக்கும் அப்போது வேறெதுவும் புத்தியில் உறைக்கவில்லை.

*

கிளீவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். வீட்டு முன்னால்கூட நிறுத்தவில்லை. ரோட்டோரத்துப் பீக்கன் மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கெளுத்தி மீன் ஆலையில் ஐஸ் பெட்டியை ஒற்றையாளாகத் தூக்கினவன். இப்போது சட்டைக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. முறிந்த கை கோணலாகவே கூடியிருந்தது.

மேஜையில் வான்கோழி, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் வந்தாயிற்று. பெரிய டிரேயும் சின்ன டிரேயும் மேலே பொன்னிறமாகச் சிவந்து ஆவி பறந்துகொண்டிருந்தன. அக்கா மூன்று தட்டு வைத்தாள். உட்கார்ந்தாள். ஜோனெட்டா பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே இருந்தாள்.

"உக்காரு, ஜெபம் பண்ணணும்," என்றாள் அக்கா.

"நாலாவது தட்டு எங்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தானாகவே ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். எதற்கெல்லாம் நன்றி சொன்னாள் என்று கேட்டால், கூரைக்கு, அடுப்புக்கு, மழைக்கு. மனிதர்கள் பேர் ஒன்றுகூட வரவில்லை. ஆமென் சொல்லி முடிப்பதற்குள் ஜோனெட்டா பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் மேலும்தான். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் வெர்டீனே இல்லை.

"ஒரு நிமிஷம் நில்லுடி. அக்கா, இன்னிக்குக் காலையில நீ ஜெயிலுக்கு எத்தனை தட்டு கட்டி அனுப்பின?"

"ஏன்?"

"சர்ச் பொம்பளைங்களை எல்லாம் கூட்டி வருஷா வருஷம் நீதானே கட்டறே. உள்ள கெடக்கறவன் திருடனா கொலைகாரனான்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?"

"கேட்டதில்ல."

"கிளீவன் இன்னிக்கும் உள்ளயே இருந்திருந்தா அவனுக்கும் உன் கையால ஒரு தட்டு போயிருக்கும். போயிருக்குமா, இல்லையா? வெளிய வந்தது அவன் செஞ்ச குத்தமா?"

அக்கா என்னை முறைத்தாள். பிறகு எழுந்தாள். ஜெயிலுக்குக் கட்டியதில் மிஞ்சின காகிதத் தட்டுகள் ஜன்னலோரம் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றை எடுத்தாள். சின்ன டிரேயிலிருந்து ஒரு பெரிய துண்டு வெட்டி வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் கறி, கீரை. மேலே அலுமினியத் தாளைப் போட்டு விளிம்பை இறுக்கி மடித்தாள். என் கையில் கொடுத்தாள்.

"ஆறிடும், சீக்கிரம் கொண்டு போ."

யார் கையில் தட்டு கொடுத்தாலும் அவள் சொல்வதுதான். ஆனால் ஜோனெட்டா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! காகிதத் தட்டில் கைதிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டாள் என்றுதான் முறைக்கிறாள் என்று நினைத்தேன்.

*

நான் அவனைக் கைகாட்டிப் பின்வாசலுக்கு வரச் சொன்னேன். படிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டான். கீழே கவிழ்ந்து கிடந்த வாளியைக் காட்டினேன்.

"உக்காருடா. படி ஏறினாத்தானே பிரச்சினை. வாளிக்கு யாரும் தடை போடல."

"சித்தி, நீங்க மாறவே இல்ல," என்று உட்கார்ந்தான். தொப்பியைத் தரையில் வைத்தான்.

"ஜெயில்ல என்னடா போட்டாங்க?"

"பீன்ஸ்."

"வேற?"

"அந்த பீன்ஸோட மிச்சம்."

சிரித்துவிட்டேன். அவனும் லேசாகச் சிரித்தான். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நிழல் அசைந்தது. கதவு சாத்தாமல் பாதி திறந்து கிடந்ததால் அக்கா அங்கே நிற்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவன் சட்டென்று எழுந்துவிட்டான். "வணக்கம், மேடம்," என்றான்.

மேடமாம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளை அம்மா என்று கூப்பிட்டவன்.

ஜோனெட்டா பெட்டியோடு வெளியே வந்து படியிறங்கி அவன் பக்கத்தில் நின்றாள். அவன் மறுபடி வாளியில் உட்கார்ந்து, நான் நீட்டிய தட்டை வாங்கித் தாளைப் பிரித்தான். செலரி இல்லாத டிரெஸ்ஸிங்கைப் பார்த்ததும் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. யாருடைய டிரேயிலிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லவா வேண்டும்? முள்கரண்டியால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். கண்ணை மூடினான். மெதுவாக மென்றான்.

பிறகு, யோசிக்காமல், ருடெல் சொல்லக் கேட்டுக் கேட்டுப் பழகியதில் வாய் தவறி வந்துவிட்டது.

"சேஜ் பத்தல."

சொன்ன மறுகணமே அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் திரும்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். ஐயோ! சாஸர் அங்கேயே இருந்தது. அதில் பாதி சேஜ் அப்படியே இருந்தது. கேட்கிறவன் இல்லை, அதனால் அவள் போடவில்லை.

வலைக்கதவு படாரென்று திறந்தது. அக்கா மேல்படியில் நின்றாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, மேடம்..."

"அதைச் சொல்ல வேண்டிய வாய் எது, தெரியுமா உனக்கு?" குரல் கீச்சென்று உடைந்தது. "அந்த வாயை நீதானேடா மூடின! என் புள்ளையை எடுத்துக்கிட்ட. பொண்ணை எடுத்துக்கிட்ட. இப்ப அவன் பேச்சையும் எடுத்துக்கிட்டியா?"

கிளீவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். "ஆமா," என்றான். "நான்தான்." கோர்ட்டில் சொன்ன மாதிரியே சொன்னான்.

ஜோனெட்டாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"எத்தனை தடவைடா 'நான்தான், நான்தான்'னு சொல்லுவ? மீதியையும் சொல்லேன்!"

"ஜோனெட்டா, வேணாம்."

"நீ சொல்ல மாட்ட. ஜட்ஜுகிட்டயும் சொல்லல."

"வேணாம்னு சொன்னேன்ல! எங்கிட்ட சத்தியம் பண்ணின நீ!"

அவள் அம்மா பக்கம் திரும்பிவிட்டாள். நிறுத்தியிருக்கலாம். நானாவது அவள் வாயைப் பொத்தியிருக்கலாம். எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது.

"கிளீவன் அன்னிக்கு மெதுவாத்தான் போனான். குடிச்சிருக்கோம், பார்த்துப் போகலாம்னு மெதுவாத்தான் ஓட்டினான். ருடெல்தான் மடியில தட்டை வெச்சுக்கிட்டு, 'மிதிடா, மிதிடா'ன்னான். 'ஆறிடும், சீக்கிரம் கொண்டு போன்னு அம்மா சொல்லியிருக்கு. ஆறிப் போச்சுன்னா அம்மா திட்டும், மிதிடா'ன்னான். வளைவுல இவன் மிதிச்சதுக்கு அதுதாம்மா காரணம். நீ சொன்னதுதான்!"

ஜோனெட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன பிறகு பொத்தி என்ன பிரயோஜனம்?

கிளீவன் ஜெயிலில் அத்தனை மாதம் எதை நெஞ்சில் பூட்டி வைத்திருந்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்டனை குறையும் என்று தெரிந்தும் இவன் வாய் திறக்கவில்லை. இந்த ஒருத்தி காதில் அது விழக் கூடாது என்பதற்காக.

அக்கா கத்தவில்லை. மயங்கியும் விழவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில், அவன் வாளிக்கு நேர் எதிரே, மெதுவாக உட்கார்ந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு முதல்முறையாக அவன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள்.

"அப்படியா சொன்னான்?"

"இல்லம்மா," என்றான் கிளீவன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "இவ கோவத்துல உளர்றா. அவன் அப்படியெல்லாம் சொல்லல."

"பொய் சொல்லாத. நான் சொன்ன எதை அவன் தட்டியிருக்கான்?"

அவள் கை நீட்டி அவன் மடியிலிருந்த காகிதத் தட்டை எடுத்தாள். அவன் முள்கரண்டியாலேயே ஒரு துண்டு எடுத்துத் தன் வாயில் போட்டாள். மென்றாள். விழுங்க நேரம் பிடித்தது.

"ஆறிப் போச்சு," என்றாள்.

இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு தட்டைத் திரும்ப அவன் மடியிலேயே வைத்தாள். எழுந்து, ஏறி, உள்ளே போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. அவள் திறந்து வைத்துவிட்டுப் போனாளா, ஸ்பிரிங் இல்லாததால் சாத்தாமல் கிடந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. டிரேயைச் சுரண்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. என் அக்கா அழுதாள். மகனைக் குழியில் இறக்கியபோதுகூட அழாதவள்.

ஜோனெட்டா படியில் கால் வைக்கப் போனாள். கிளீவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "நீ போகாத. இப்ப நீ போகாத," என்றான். பெட்டி புல்லில் கிடந்தது. மெம்பிஸ் பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும்.

அவன் எழுந்தான். தட்டை வாளியின் மேல் வைத்தான். முதல் படிக்கு முன்னால் வந்து, ஏறாமல், என்னைப் பார்த்தான். ஏறட்டுமா, வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டான். ஊரே வாயாடி என்று சொல்கிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.